இகுவானா சுட ஏர் ரைஃபிள் வாங்குவதற்கு முன்

நான் முதலில் வாங்கியது தவறான துப்பாக்கி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தெற்கு ஃப்ளோரிடாவில், ப்ரோவர்ட் கவுன்டியில், கால்வாய் ஓரத்து வீட்டில் இருக்கிறேன். செம்பருத்தி மொட்டு விட்டால் மறுநாள் காம்புதான் மிஞ்சும். முருங்கைக் கன்று மூன்று முறை வைத்தேன், மூன்றும் மொட்டை. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கால்வாய்க் கரைச்சுவருக்குப் பின்னால் ஒரு காலையில் நடந்தபோது தரை உள்வாங்கி, என் கால் முழங்கால் வரை இறங்கியது. பச்சை இகுவானாக்கள், ஓணான் போன்ற பெரிய பல்லிகள், அடியில் வளை தோண்டி வைத்திருந்தன. அன்றுதான் பயம் வந்தது.

அந்த வாரமே ஒரு பெரிய கடைக்குப் போய், அட்டைப்பெட்டியில் 'விநாடிக்கு 1,200 அடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த .177 (குழல் விட்டம், அங்குலத்தில்) ஸ்பிரிங் ரைஃபிளை வாங்கினேன். தகர டப்பாவைப் பார்த்து இருபது தடவை சுட்டேன். மறுநாள் காலை, சுவர் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த பெரிய ஆண் இகுவானா ஒன்றை நாற்பது கஜத்திலிருந்து சுட்டேன். விலாவில் பட்டது. தண்ணீரில் குதித்து மறைந்துவிட்டது. மூன்றாம் நாள் எதிர்க்கரையில் அதைப் பார்த்தேன். உயிரோடுதான் இருந்தது, பின்னங்காலை இழுத்து இழுத்து நகர்ந்தது.

நான் சின்னமனூர்ப் பக்கம் வளர்ந்தவன். தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்து, ராமருக்குக் குடிக்க மூத்திரம் கொடுத்த பிராணி என்று ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே கல்லால் அடித்தவர்கள் நாங்கள். அது பாவம் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஐம்பது வயதில் அதையே மறுபடியும் செய்துவிட்டேன் என்று தோன்றியது. ரைஃபிளை உறையில் போட்டுப் பரண் மேல் வைத்துவிட்டு, ஆறு மாதம் தொடவே இல்லை.

பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு நிகராகுவாப் பெரியவர். இகுவானா பிடிப்பதையே தொழிலாகச் செய்தவர். அவரிடம் கற்றதையும் இத்தனை வருடத்தில் நானே கண்டதையும் இங்கே எழுதுகிறேன். இங்குள்ள நம்மவர்கள் பலர் கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்துவிட்டு என்னைப் போலவே அவசரப்பட்டுக் கடைக்கு ஓடுகிறார்கள்.

ஏன் கொல்ல வேண்டும், யார் கொல்லலாம்

பச்சை இகுவானாவுக்குச் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்காவும் சில கரீபியத் தீவுகளும். மயாமி பக்கம் 1960-களிலேயே காணப்பட்டது. செல்லப்பிராணியாக வந்ததை வளர்க்க முடியாமல் வெளியே விட்டவர்கள் பலர். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆண் ஐந்தடிக்கு மேல் வளரும், 17 பவுண்டு வரை எடை போடும். பெண் ஒரு ஈட்டில் 14 முதல் 76 முட்டை வரை இடும். வளைகள் ஒன்றோடொன்று இணைந்து 80 அடி வரைகூடப் போகும். வெஸ்ட் பாம் பீச்சில் இப்படிக் குடையப்பட்ட ஒரு நீர்த்தடுப்பைச் சரிசெய்ய 18 லட்சம் டாலர் ஆனது. அருகிப்போன மயாமி நீல வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் கழற்சிக்கொடியையும் இவை தின்கின்றன.

தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு, வருடம் முழுவதும் அனுமதிச்சீட்டு இல்லாமல் கொல்லலாம் என்று ஃப்ளோரிடா மீன், வனவிலங்கு ஆணையம் சொல்கிறது. ஆனால் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இகுவானாவுக்கும் பொருந்தும். துன்புறுத்திக் கொன்றால் குற்றம். 2021 ஏப்ரலிலிருந்து இது வளர்க்கத் தடை செய்யப்பட்ட இனம். உயிரோடு பிடித்தால் வேறு இடத்தில் கொண்டுபோய் விடக் கூடாது. நகராட்சிக்கு நகராட்சி துப்பாக்கி சுடும் விதிகள் மாறும், அதனால் வாங்கும் முன் உங்கள் ஊர்க் காவல் துறையின் அவசரமில்லாத எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கால்வாய்க் கரை உங்கள் வீட்டுப் புல்வெளி மாதிரியே தெரிந்தாலும் பல இடங்களில் அது நீர் மேலாண்மை மாவட்டத்துக்கோ வடிகால் மாவட்டத்துக்கோ சொந்தம். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஏர்கன்னைத் தொட வேண்டுமானால் பெரியவர் கூடவே இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் உடும்பு அதன் மண்ணிலேயே வாழ்கிற, சட்டம் காக்கிற பிராணி. இங்கே எழுதுவது எதுவும் அதற்குப் பொருந்தாது.

இலக்கு எங்கே இருக்கிறது

ரைஃபிளைப் பற்றிப் பேசும் முன் இகுவானாவின் தலையைப் பார்க்க வேண்டும். ரைஃபிளை முடிவு செய்வது அந்தத் தலைதான். பெரியவர் என்னை முதலில் கடைக்குக் கூட்டிப் போகவில்லை. செத்த இகுவானா ஒன்றின் மண்டை ஓட்டைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து கையில் கொடுத்தார்.

மூளை ஒரு வேர்க்கடலைப் பருப்பு அளவுதான். ஐந்தடி ஆணுக்கும் அவ்வளவுதான். பக்கவாட்டில் பார்த்தால் தலையில் இரண்டு வட்டங்கள் தெரியும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மங்கலான வட்டம் செவிப்பறை. அதற்குக் கீழே, தாடைக் கோணத்தில், நாணயம் போலப் பளபளக்கும் ஒரு பெரிய செதில் உண்டு. புதிதாகச் சுடுபவர் கண் அந்தச் செதிலில்தான் போய் நிற்கும், இலக்குப் பலகை மாதிரியே இருக்கும். அங்கே இருப்பது தாடை எலும்பும் தசையும். அங்கே சுட்டால் வாய் உடைந்த இகுவானா ஓடிப்போய்ப் பல நாள் பட்டினி கிடந்து சாகும். மூளை இருப்பது கண்ணின் பின்விளிம்புக்கும் செவிப்பறையின் மேல்விளிம்புக்கும் நடுவில். அந்த இரண்டு புள்ளிகளை மனதுக்குள் ஒரு கோட்டால் இணைத்து, கோட்டின் நடுவில் சுட வேண்டும்.

நெஞ்சில் சுடலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். ஊர்வனவற்றின் உடல் ரத்த ஓட்டம் குறைந்தாலும் வெகுநேரம் தாங்கும். நெஞ்சில் அடிபட்ட இகுவானா தண்ணீரில் பாய்ந்து, மூச்சை அடக்கி, அடியிலேயே கிடக்கும். உங்களால் அதைத் தேடி எடுத்து முடித்து வைக்க முடியாது.

முதலில் உங்கள் தூரம்

அமெரிக்க டைம் நாணயத்தின் விட்டம் சுமார் 18 மில்லிமீட்டர். காகிதத்தில் அந்த அளவுக்கு வட்டம் வரைந்து, பத்து கஜத்தில் வையுங்கள். பத்து பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) தொடர்ந்து வட்டத்துக்குள் விழுந்தால் பதினைந்து கஜத்துக்குத் தள்ளுங்கள். அப்புறம் இருபது, இருபத்தைந்து. பத்தில் ஒன்று வெளியே போனாலும் அதற்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. மேசையில் சாய்ந்து சுடும்போது ஒரு எல்லை, நின்றபடி சுடும்போது வேறு எல்லை. எனக்கு மேசையில் முப்பது கஜம், முட்டி போட்டு இருபது, நின்றபடி பன்னிரண்டு. வேட்டையில் எந்த நிலையில் சுடுவீர்களோ அந்த நிலையின் எண்தான் கணக்கு.

கடைக்காரர் ஐம்பது, அறுபது கஜம் என்று பேசுவார். கேட்டுக்கொள்ளாதீர்கள். கொல்லைப்புறத்தில் நடக்கும் இகுவானா வேட்டையில் பெரும்பாலான சுடுதல் பத்திலிருந்து இருபத்தைந்து கஜத்துக்குள் முடிந்துவிடும். அந்தத் தூரத்தில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அடிக்கும் ரைஃபிள்தான் வேண்டும்.

ஸ்பிரிங்கா, பிசிபியா

ஸ்பிரிங் ரைஃபிளில் குழலை மடக்கி ஒரு கனத்த ஸ்பிரிங்கை அழுத்தி வைப்போம். விசையை இழுத்ததும் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தும், அந்தக் காற்று பெல்லட்டைத் தள்ளும். ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்து வைத்த வாயுவால் இயங்கும் வகையும் உண்டு. விலை குறைவு, பம்பு எதுவும் வேண்டாம். ஆனால் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் முன்னும் பின்னும் உதைக்கும். இறுக்கிப் பிடித்தால் ஒரு இடம், தளர்த்திப் பிடித்தால் வேறு இடம். தளர்வாக, எப்போதும் ஒரே மாதிரி பிடிக்கப் பழக மாதக்கணக்கில் ஆகும். பழகியவர் கையில் நல்ல ஆயுதம். நான் பழகவில்லை, பழகாமலேயே உயிர் மேல் சுட்டேன். என் முதல் தவறு அதுதான்.

பிசிபி வகையில் குழலுக்குக் கீழே ஒரு உருளையில் அழுத்தக் காற்றை முன்கூட்டியே நிரப்பி வைப்போம். உதைப்பு கிட்டத்தட்ட இல்லை. இரண்டாவது பெல்லட்டும் ஒரு நொடியில் தயார். முதல் சுடுதல் பிசகினால் உடனே முடித்து வைக்க அதுதான் உதவும். ஸ்பிரிங்கில் மறுபடி குழலை மடக்கி, பெல்லட்டைத் தேடி எடுத்து வைப்பதற்குள் அது தண்ணீரில் இறங்கியிருக்கும். புதிதாக வாங்குபவர் பணம் சேர்த்து வைத்தாவது பிசிபி வாங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கார்பன் டை ஆக்சைடு சிறு குப்பியில் ஓடும் துப்பாக்கிகள் இந்த வேலைக்குப் போதாது, வெயில் மாறினால் அவற்றின் வேகமும் மாறும்.

என்னிடம் இருப்பது பெஞ்சமின் மராடர், .22. பத்து பெல்லட் போகும் சுழல் மேகசின், சத்தத்தை அடக்க குழலைச் சுற்றி உறை, 3,000 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை காற்று. தரமான வேறு தயாரிப்புகளும் நிறைய உண்டு. கையில் எடுத்து, கன்னம் கட்டையில் படும்போது ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) நேராகக் கண்ணுக்கு வருகிறதா என்று பாருங்கள். நான் கைப்பம்பில்தான் நிரப்புகிறேன், வியர்த்துவிடும். நம் மயாமி ஈரக்காற்று உள்ளே போனால் உருளைக்குள் தண்ணீர் தங்கி துருப்பிடிக்கும், ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாக வாங்குங்கள்.

இதைக் கவனமாகப் படியுங்கள்: உருளையில் உலர்ந்த சாதாரணக் காற்று மட்டும்தான். ஆக்சிஜன் உருளையிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள், வெடிக்கும். நிரப்பும் இடத்தில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, சிலிகான் கிரீஸ் மட்டும். நிரப்பிய ரைஃபிளை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

காலிபரும் வேகமும்

.177 பெல்லட் சிறியது. கிட்டத்தில், சரியான இடத்தில் பட்டால் சிறிய இகுவானாவைக் கொல்லும். பெரிய ஆணின் தலையில் அரை சென்டிமீட்டர் தள்ளிப் பட்டால் கொல்லாது. .25 நல்ல கனம், ஆனால் ஊடுருவிப் போய்ப் பின்னால் இருப்பதையும் அடிக்கும். கொல்லையில் அது எனக்குப் பயம். வீட்டுப் பகுதியில் சுடுபவருக்கு .22 சரி.

சக்தியை நீங்களே கணக்குப் போடலாம். பெல்லட்டின் எடையைக் கிரெய்னில் (குண்டுகளுக்கான சிறு எடை அளவு) எடுத்து, விநாடிக்கு இத்தனை அடி என்ற வேகத்தால் இருமுறை பெருக்கி, 4,50,240-ஆல் வகுத்தால் அடி-பவுண்டு வரும். 14.3 கிரெய்ன் பெல்லட் விநாடிக்கு 800 அடி போனால் சுமார் 20 அடி-பவுண்டு. 18.13 கிரெய்ன் 850 அடி போனால் 29. இருபதிலிருந்து முப்பதுக்குள் இருப்பது கொல்லைத் தூரத்தில் பெரிய ஆணின் மண்டைக்குப் போதும். அதற்கு மேல் வாங்கும் சக்தி உங்களுக்கு உதவாது, அடுத்த வீட்டுச் சுவரைத்தான் தேடும்.

பெட்டியில் போடும் 1,200 அடியைப் பார்த்து நான் ஏமாந்தேன். அது இலகுவான கலப்பு உலோகப் பெல்லட்டை வைத்து எடுத்த கணக்கு. ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில் போகும் பெல்லட் தடுமாறும், 'பட்' என்று வெடிக்கும் சத்தமும் வரும். விநாடிக்கு 800 முதல் 900 அடி வரை போகும் கனமான பெல்லட் அமைதியாக, நேராகப் போகும்.

பெல்லட்டில் உருண்டை மூக்கு வாங்குங்கள். கூர்மையானது, குழிமூக்கு, தட்டைமூக்கு எல்லாம் கடையில் தொங்கும். தட்டைமூக்கு தூரம் கூடினால் அலையும். உருண்டை மூக்குதான் நேராகப் போய் எலும்பைத் துளைக்கும். ஒரே பெல்லட் எல்லாக் குழலுக்கும் ஒத்துவராது. ஜேஎஸ்பி 15.89, அதே நிறுவனத்தின் 18.13, கிராஸ்மன் 14.3 என்று நாலைந்து டப்பா வாங்கி, இருபது கஜத்தில் ஒவ்வொன்றிலும் பத்து சுட்டுப் பாருங்கள். என் ரைஃபிளுக்கு 18.13 ஒரே ஓட்டையில் விழுகிறது. பெரியவர் ரைஃபிளுக்கு அது ஆகவே ஆகாது.

ஸ்கோப்பில் நான் ஏமாந்த இடம்

வேட்டைத் துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்கள் பெரும்பாலும் நூறு கஜத்துக்கு அமைத்தவை. பதினைந்து கஜத்தில் பார்த்தால் படம் மங்கும், கண்ணைச் சற்று அசைத்தால் குறியும் நகரும். பத்து கஜம் வரை தெளிவாக்கிக்கொள்ளும் திருகு உள்ளதாக வாங்குங்கள். ஸ்பிரிங் ரைஃபிளுக்கு அந்த உதைப்பைத் தாங்கும் ஏர்கன் ஸ்கோப் தனியாக உண்டு, மற்றது சில வாரத்தில் உள்ளே உடைந்துவிடும்.

அப்புறம் கிட்டத் தூரக் கணக்கு. ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றே முக்கால் அங்குலத்தில் இருக்கிறது என்று வையுங்கள். முப்பது கஜத்தில் சரியாக விழும்படி அமைத்தால், பத்து கஜத்தில் பெல்லட் குறிக்கு அரை அங்குலத்துக்கும் மேல் தாழ விழும். ஐந்து கஜத்தில் ஒரு அங்குலம் தாழும். மூளையைக் குறி வைத்தால் தாடையில் படும். கிட்ட வந்துவிட்டது, தப்பவே முடியாது என்று நினைத்துச் சுட்டு ஒரு முறை இப்படி ஆகிவிட்டது. இரண்டாவது பெல்லட் உடனே இருந்ததால் அது துன்பப்படாமல் முடிந்தது. ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து கஜங்களில் எங்கே விழுகிறது என்று அளந்து, ஒரு சிறு தாளில் எழுதி ரைஃபிள் கட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பெல்லட் எங்கே போய் நிற்கும்

பெல்லட் தப்பினால் சில நூறு கஜம் போகும். தண்ணீரில் சாய்வாகப் பட்டால் கல் தத்துவது போல் தத்திப் போகும். நம் கால்வாய்களின் எதிர்க்கரையில் வீடுகள், நீச்சல்குளங்கள், பிள்ளைகள். அதனால் கால்வாய்க்குக் குறுக்கே சுடுவதே இல்லை. கரைச்சுவர் மேல் இருப்பதைக் கரை ஓரமாகச் சுடுவதும் இல்லை, கான்கிரீட் பெல்லட்டைத் திருப்பி அனுப்பும். மரத்தின் மேல் வானத்தைப் பின்னணியாக வைத்து உட்கார்ந்திருப்பதையும் சுடுவதில்லை. சுடும் முன் அதற்குப் பின்னால் மண்மேடோ அடர்ந்த மண்தரையோ இருக்க வேண்டும். பல காலைகளில் ஒரு பெல்லட்கூடச் செலவாகாமல் உள்ளே வந்திருக்கிறேன்.

2019-ல் போகா ரட்டோனில் இகுவானா சுட வந்தவர்களின் பெல்லட், நீச்சல்குளம் சுத்தம் செய்துகொண்டிருந்த ஒரு தொழிலாளியின் காலில் பாய்ந்தது. கண்ட இடத்தில் சுடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை என்று அதற்குப் பிறகு ஆணையம் விளக்க வேண்டியிருந்தது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், ரைஃபிளைப் பார்த்தவர் போலீஸைக் கூப்பிட்டால் அவர் மேல் தப்பில்லை.

நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நல்லது. வெயில் காய வெளியே வந்து அசையாமல் கிடக்கும். அவற்றின் தலை உச்சியில் ஒளியை மட்டும் உணரும் மூன்றாவது கண் உண்டு. மேலிருந்து நிழல் விழுந்தால் பாய்ந்துவிடும், அதனால் வெயிலுக்கு முதுகைக் காட்டிக் கிட்டப் போகாதீர்கள். கடும் குளிரில் விறைத்து மரத்திலிருந்து விழுந்தவை செத்தவை போல் கிடக்கும், உயிர் இருக்கும். செத்ததென்று நினைத்துக் காரில் எடுத்துப் போட்டால் சூட்டில் எழுந்துவிடும்.

சுட்ட பிறகு

சரியாகப் பட்டாலும் கால் உதைக்கும், வால் அடிக்கும். அது நரம்புத் துடிப்பு. கிட்டப் போய் ஒரு நீளமான குச்சியால் கண் விழியை மெல்லத் தொடுங்கள். இமை அசைந்தால் உயிர் இருக்கிறது. தரை மண்ணாக இருப்பதைப் பார்த்துவிட்டு, கிட்டத்திலிருந்து தலையின் மேற்புறம், கண்களுக்குச் சற்றுப் பின்னால், நடுக்கோட்டில் இரண்டாவது பெல்லட்டைச் செலுத்துங்கள். சந்தேகம் இருந்தாலும் செலுத்துங்கள். தலையை வெட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஊர்வனவற்றின் மூளை உடலிலிருந்து பிரிந்த பிறகும் கொஞ்ச நேரம் உணரும் என்பதால் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி அதை மட்டும் செய்வதை ஏற்பதில்லை. மூளையை அழித்தாக வேண்டும். உயிரோடு ஃப்ரீஸரில் வைப்பது, நீரில் அமுக்குவது, விஷம் வைப்பது எல்லாம் கொடுமை.

சிறிய பச்சைப் பல்லிகளைச் சுடாதீர்கள். இந்த மண்ணுக்கே உரிய பச்சை அனோல் தூரத்தில் இகுவானாக் குஞ்சு போலத் தெரியும். கேமன் தீவுகளில் 2018 அக்டோபரில் தொடங்கிய பெரும் ஒழிப்பில் ஏர் ரைஃபிள்காரர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் பச்சை இகுவானாவைக் கொன்றார்கள். அங்கேயே வாழும் அரிய நீல இகுவானாவைத் தொடாமல் அதைச் செய்ய வேண்டியிருந்தது. இன்னதென்று உறுதியாகத் தெரியாவிட்டால் விரலை விசைக்கு வெளியே வையுங்கள்.

இதற்கெல்லாம் நேரமோ கையுறுதியோ இல்லையென்றால், இந்தத் தொழிலைச் செய்பவர்களைக் கூப்பிடுங்கள். மரத்தண்டைச் சுற்றித் தகடு கட்டுவதும், காலியான வளையை மண்ணும் கல்லும் போட்டு அடைப்பதும் பாதி வேலையை முடித்துவிடும். என் முருங்கை பிழைத்தது முதலில் தகட்டால்தான்.

உடலை வெளியே விட்டுவிடாதீர்கள். ஈயப் பெல்லட் உள்ளே இருந்தால் அதைத் தின்னும் கழுகும் பருந்தும் ஈயத்தால் சாகும். ஈயமில்லாத பெல்லட்டும் கிடைக்கிறது, இலகுவாக இருப்பதால் மறுபடி டைம் வட்டத்தில் சோதித்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். பெரியவர் வீட்டில் இறைச்சியைச் சமைப்பார்கள், அவர் ஊர்ப்பக்கம் அது மரத்துக் கோழி. தலையைக் கழுத்தோடு எடுத்துப் போட்டுவிட்டு, கையுறையோடு அறுத்து, நன்றாக வேகவைக்கிறார், சால்மோனெல்லா இருக்கும். நான் சாப்பிடுவதில்லை. எனக்கு வேண்டாதவற்றை அவருக்குக் கொடுக்கிறேன், மீதியை இரண்டு பையில் கட்டி கராஜில் இருக்கும் பழைய ஃப்ரீஸரில் வைக்கிறேன். எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும். திங்கள் இரவு எடுத்து வெளியே வைத்தால் நாற்றம் வராது.